விசாரித்துவிட்டு அழைத்துப் போங்கள்

பராமரிப்பு தேவைப்படும் குழந்தை யாரிடம் இருப்பது என்று முடிவுசெய்யும் தமிழ்நாட்டின் குழந்தைகள் நலக் குழுக்களில் தலைவர்களாகவும் உறுப்பினர்களாகவும் அமர்ந்திருப்போருக்கு வணக்கம்.

இந்த மடலில் என் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, மாவட்டமும் இருக்காது. பயந்துகொண்டு மறைக்கவில்லை. உங்கள் முன் வந்த ஒரு குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. என் பெயரைப் போட்டால் அவள் யாரென்று எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர்கூடச் சொல்லிவிடுவார். ஆகவே அவளைப் பாப்பா என்றும் என்னை அவளுடைய பெரியம்மா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அப்படித்தான்.

என் தங்கை மஞ்சள்காமாலையில் இறந்தபோது பாப்பாவுக்கு ஒரு வயது இரண்டு மாதம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் அவரவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பாப்பா என் இடுப்பில் இருந்தாள். இவளை யார் வளர்ப்பது என்று எவரும் உட்கார்ந்து பேசவில்லை. அன்று இரவு சோறு ஊட்டியவள் நான், அவ்வளவுதான். அவளுடைய அப்பா ஆறு மாதம் வாராவாரம் வந்தார், பிறகு மாதம் ஒருமுறை வந்தார், பிறகு வேலைக்கென்று வேறு மாநிலம் போனார். அங்கே இன்னொரு குடும்பம் அமைந்தது. அவரை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில் பேசுவார். போகும்முன் 20 ரூபாய் முத்திரைத்தாளில், மகளை நான் வளர்ப்பதற்குத் தனக்கு முழுச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் அதைப் பத்திரமாக வைத்திருந்தோம். ஆறு வருடம் கழித்து, இலவசச் சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர் அதை மடிப்புப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "குழந்தை என்ன வீட்டுமனையா அம்மா, பத்திரத்தில் எழுதி வாங்குவதற்கு?" என்றார்.

அதுவரை எங்களுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி விட்டதும் பாப்பா அங்கே வந்து சிறுவர் பகுதியில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். தலைமையாசிரியை தெரிந்தவர் என்பதால் பள்ளிச் சேர்க்கையில் சிக்கல் வரவில்லை. ரேஷன் கடையில் தெரிந்தவர், தபால் நிலையத்தில் தெரிந்தவர். தெரிந்தவர்களின் தயவில் ஒரு குழந்தையை ஏழு வயதுவரை வளர்த்துவிடலாம். தெரியாத ஒருவரிடம் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வரும்போதுதான் நாம் யார் என்ற கேள்வி வருகிறது.

போன ஆடி மாதம் அந்த நாள் வந்தது. டான்சில் வீங்கி வீங்கிக் காய்ச்சல் வந்துகொண்டிருந்ததால் அறுவை செய்துவிடலாம் என்றார் மருத்துவர். சம்மதப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் பெரியம்மா என்று எழுதினேன். பெற்றோர் எங்கே என்றார் செவிலியர். சொன்னேன். கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்றார். முத்திரைத்தாளைக் காட்டினேன். அன்று மாலையே யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லாத ஒரு குழந்தையைப் பார்த்துச் சந்தேகப்படும் மனிதர்கள் ஊரில் இருப்பது நல்லதுதான். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் உங்கள் முன் நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். அந்த வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான். எங்கள் விசாரணை கால் மணி நேரம் நடந்தது. வீடு சொந்தமா, எத்தனை அறை, வீட்டில் வேறு ஆண்கள் யார், கல்லூரியில் படிக்கும் மகனுக்கு என்ன வயது என்று கேட்டார்கள். மகனைப் பற்றிய கேள்வி நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் அவர்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பேன். பாப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி: யாருடன் இருக்க ஆசை? அவள் சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் என்றாள். எந்த வீடு என்றார் ஒருவர். கொய்யா மரம் இருக்கும் வீடு என்றாள். அதன் பிறகு, விசாரணை முடியும்வரை பாப்பா குழந்தைகள் இல்லத்தில் இருக்கட்டும் என்று உத்தரவு எழுதப்பட்டது. 38 நாள் இருந்தாள்.

அந்த இல்லத்தை நான் பழிக்கமாட்டேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பேன் இருந்ததால் முடியைக் கத்தரித்திருந்தார்கள். முடி வளர்ந்துவிடும். ஆனால் வீடு திரும்பிய மறுநாள் காலை, பல் துலக்கிய கையோடு முற்றத்தில் சுவர் ஓரமாய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எதற்கம்மா நிற்கிறாய் என்றேன். எண்ணுவதற்கு என்றாள்.

அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் காலையில் அவளை நான் எண்ணினேன். "ஒன்று" என்பேன். பிறகுதான் தோசை சாப்பிட உட்காருவாள்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நூலகத்தில் வேலை பார்ப்பதில் உள்ள ஒரே வசதி, சட்டப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம் என்பது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 3ஆம் பிரிவில் சில கொள்கைகளை வரிசையாக வைக்கிறது. குழந்தையைப் பேணும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்பது அதில் ஒன்று. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. இன்னும் ஒன்றை நான் பென்சிலால் அடிக்கோடிட்டேன் (நூலகப் புத்தகத்தில் கோடு போட்டதற்கு என் மேலதிகாரி மன்னிக்க வேண்டும்). குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும், அதுவும் தக்க விசாரணைக்குப் பிறகே என்கிறது அது. விசாரணைக்குப் பிறகு. நீங்களோ இல்லத்துக்கு அனுப்பிவிட்டு விசாரணையைத் தொடங்குகிறீர்கள். சட்டத்தின் கடைசிப் படியில் குழந்தையை முதலில் ஏற்றி வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வருகிறீர்கள்.

அவசரத்துக்கு வேறு வழி இல்லை என்பீர்கள். இருக்கிறது. அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு, விசாரணைக் காலத்தில் குழந்தையை இல்லத்துக்கோ, தகுதியான நிறுவனத்துக்கோ, 'தகுதியான நபரிடமோ' அனுப்பலாம் என்கிறது. அந்த மூன்றாவது சொல்லை ஏன் எழுதினார்கள்? பதினைந்தாம் நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வந்துவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்கள் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வந்தது 31ஆம் நாள். இருபது நிமிடம் இருந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையில் இருந்த கோப்புகளின் தடிமனைப் பார்த்தபோது அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தாமதம் அவர் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தத் தாமதத்தைக் குழந்தை எங்கே இருந்து கழிக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த 38 நாளில் டான்சிலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இது தொடங்கியதே அதற்காகத்தான். பிறகு, என்னைத் தகுதியான நபராகக் கருதி இடைக்காலப் பொறுப்பில் பாப்பாவை ஒப்படைப்பதாக ஒரு பக்க உத்தரவு கொடுத்தீர்கள். அதை எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனேன். அதே செவிலியர் ஒரு நகலை வாங்கிக் கோப்பில் சொருகிக்கொண்டார், வேறு கேள்வியே கேட்கவில்லை. ஐப்பசியில் அறுவை முடிந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பக்கத் தாள், எங்கள் மேல் எத்தனை நிபந்தனை போட்டிருந்தாலும் சரி, முதல் நாளே கிடைத்திருந்தால் 38 நாள் மிச்சம்.

இப்போது மாதம் ஒருமுறை அந்த உத்தரவைப் புதுப்பிக்க வருகிறேன். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது என்னைப் போன்றவர்களைப் பார்க்கிறேன். பேரனோடு வரும் ஓர் அப்பத்தாவுக்கு எழுபது இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வரும் நாளெல்லாம் கூலி போகிறது. வயதாகிவிட்டதே, உங்களுக்கு ஒன்று ஆனால் பையன் கதி என்னவென்று கேட்டார்களாம். "எனக்கு ஒன்று ஆனால் அப்போது கேட்கட்டும், இப்போது நான் நடந்துதானே வந்திருக்கிறேன்?" என்று என்னிடம் கேட்டார். உள்ளே இதைச் சொன்னீர்களா என்றேன். உள்ளே போனால் வாய் வருவதில்லை என்றார். தாய்மாமன் ஒருவர் வருவார். முப்பதுகூட ஆகியிருக்காது, கல்யாணம் ஆகவில்லை. அக்கா மகளை வளர்க்கிறார். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ள முதலில் கூப்பிடுவது தாய்மாமனைத்தான். அதே மடியைப் பற்றி இங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொல்கிறார்.

அந்தக் கேள்விகள் ஏன் வருகின்றன என்று எனக்குத் தெரியும். உறவு என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே அத்தை வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணை, பள்ளிப் படிப்பை நிறுத்தி, முறைதானே என்று 15 வயதில் அந்த வீட்டு மகனுக்கே கட்டி வைத்தார்கள். (பெரியம்மா மகன் அண்ணன் முறை. என் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.) வளர்க்கிறேன் என்று கூட்டிப் போய்ப் பாத்திரம் தேய்க்க வைத்தவர்கள் உண்டு, இறந்தவரின் நிலத்துக்காகப் பிள்ளையை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே எங்களை நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள். இரவு எட்டு மணிக்கு வாருங்கள். பள்ளியில் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், அவளைத் தனியே அழைத்துப் பேசுங்கள். ஆனால் வீட்டில் இருக்கும் குழந்தையை வந்து பாருங்கள். இல்லத்தில் இருக்கும் குழந்தையிடம் வீட்டைப் பற்றிக் கேட்டால் கொய்யா மரத்தைத்தான் சொல்லும்.

வருமானக் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த அப்பத்தாவின் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது கவனித்தேன். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இப்படி உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழியுண்டு. அதற்குக் கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது காலையில் ஒரு மேசையில், மாதம் 6,000கூட வருவதில்லை என்று நிரூபிக்க வேண்டும். மதியம் அடுத்த மேசையில், இந்த வருமானத்தில் எப்படி வளர்ப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில்தான் முதல் மேசையில் இருக்கிறது. இரண்டு மேசைகளுக்கும் இடையே பத்தடி தூரம்.

அரசு எங்களை அறியாததுமில்லை. 2021இல் கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தபோது, உறவினரிடமோ பாதுகாவலரிடமோ வளரும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என்றும் சேர்த்தே அறிவித்தார்கள். 2025 செப்டம்பர் 15இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டமும், பெற்றோரை இழந்து உறவினர் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. அரசின் ஒரு கை, வளர்ப்பது நீங்கள்தான் என்று தெரிந்து பணம் நீட்டுகிறது. இன்னொரு கை, நீங்கள் யார் என்று கேட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்கிறது.

உயர்ந்த நீதிமன்றங்களில் இது பலமுறை பேசப்பட்ட விஷயம். இரண்டாம் அலையில் பெற்றோரை இழந்த அகமதாபாத் சிறுவன் ஒருவனின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தாயின் சகோதரி அரசு வேலையில் இருப்பவர், வயதும் குறைவு என்று உயர் நீதிமன்றம் அவரிடம் கொடுத்திருந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பாட்டியிடமும் 70 வயதைத் தாண்டிய தாத்தாவிடமும் சிறுவனைக் கொடுத்தது. வருமானத்தையும் வயதையும் மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அந்த அப்பத்தாவுக்கு இதைச் சொன்னேன். அகமதாபாத் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒடிசாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கில், கைக்குழந்தையாக உறவினரிடம் வந்து 14 வயதுவரை வளர்ந்த ஒரு பெண்ணை, பெற்ற தகப்பன் கேட்டும், வளர்ந்த இடத்திலேயே விட்டது 2024 தீர்ப்பு. குழந்தை ஒரு பொருள் அல்ல, அவள் வளரும் இடத்தின் நிலைத்தன்மையைப் பார்க்க வேண்டும் என்றது.

எங்களுக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. தாய் புற்றுநோயில் படுத்தபோது அவருடைய உடன்பிறந்தவர்கள் எடுத்து வளர்த்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையை 2019இல் அதே உச்ச நீதிமன்றம் தகப்பனிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. வளர்த்தவர்கள் வந்து பார்க்க அனுமதித்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆனாலும் அது தவறென்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தகப்பன் கேட்டு வந்தார். 1956ஆம் ஆண்டின் இந்துப் பாதுகாவலர் சட்டத்தின்படி பாப்பாவின் அப்பாதான் இன்றும் அவளுடைய இயற்கைப் பாதுகாவலர். நாளை அவர் கேட்டு வந்தால் நான் நீதிமன்றத்தில் நின்று பேசத்தான் வேண்டும், கதவை அடைத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் மனுவும் போட்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஆனால் பாதுகாவலராக வருகிறவரின் குணத்தைப் பார், உறவின் நெருக்கத்தைப் பார், விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் பார் என்று அன்றே எழுதி வைத்திருக்கிறான். சொந்த வீடா, எத்தனை அறை என்று அதில் நான் பார்க்கவில்லை.

அந்த மனு நீதிமன்றத்தில் நடக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது சிறியது. உறவினரிடம் இருக்கும் குழந்தை உங்கள் முன் வந்தால், உடம்பில் காயமோ பேச்சில் பயமோ கண்ணில் படாதவரை, அன்றைக்கே அந்த உறவினரிடம் இடைக்காலப் பொறுப்பில் கொடுத்து, ஒரு பக்கத் தாளைக் கையில் கொடுங்கள். விசாரணையை வீட்டில் வைத்து நடத்துங்கள். தவறு கண்டால் மறுநாளே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்துதானே இருக்கும். உத்தரவில் எங்களுக்கு உடன்பாடில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதைத் தமிழில், வாய்விட்டுச் சொல்லுங்கள். இப்படி ஒரு வழி உண்டென்பதே எனக்கு 33ஆம் நாள்தான் தெரிந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதையும் வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அந்தத் தாய்மாமனுக்கு இது உதவாது என்று நினைக்க வேண்டாம், அவர் கேட்பது குழந்தைக்காகத்தான். புதுப்பிக்க மாதாமாதம் வரச் சொல்வதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக்கினால் அப்பத்தாவுக்கு வருடத்தில் எட்டு நாள் கூலி மிஞ்சும்.

எங்கள் மாவட்டக் குழுவினருக்கு மட்டும் தனியாக ஒன்று. இந்த மடலைப் படித்தால் நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை. அடுத்த அமர்வை 14ஆம் தேதி வைத்திருக்கிறீர்கள். அன்று பள்ளியில் ஆண்டு விழா, மாறுவேடப் போட்டியில் பாப்பா ஔவையார். முடி தோள்வரைதான் வளர்ந்திருக்கிறது, பஞ்சு ஒட்டிச் சமாளித்துக்கொள்வோம். போட்டி பிற்பகல் இரண்டு மணிக்கு. எங்கள் கோப்பைக் காலையில் முதலாவதாக எடுத்தீர்கள் என்றால் 11.20 பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் பெரியம்மா